கேட்டுக்கு உள்ளே எல்லோரும் ஒரே குடும்பமா?

காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிற ஓரிக்கைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பல்லவ ராஜா ஏதோ கோபத்தில் கணிகண்ணனை நாடு கடத்துகிறான். சீடன் போன பிறகு குரு இருப்பாரா? திருமழிசை ஆழ்வாரும் கிளம்புகிறார். ஆழ்வாரே போய்விட்டால் பெருமாளுக்கு இங்கே என்ன வேலை? திருவெஃகாவில் படுத்திருந்தவர் பாம்புப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார். மூன்று பேரும் ஒரு ராத்திரி தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அது ஓரிருக்கை ஆகி, பிறகு ஓரிக்கை ஆனது. ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதும் மூவரும் திரும்பிப் போனார்கள், கதை முடிந்தது.

ஆக, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கிக்கொண்டு, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் ஒரே ஒரு ராத்திரி தங்கியதால் பெயர் வாங்கிய ஊர் இது. அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு மிலிட்டரிக்காரர் குடும்பம் வீடு பார்த்து வந்தால் எதிர்வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"அப்பா ஏர்ஃபோர்ஸ். பொறந்தது ஜோத்பூர், அஞ்சாவது வரைக்கும் தாம்பரம், டென்த் சூலூர்" என்று அந்தப் பிள்ளை ஒப்பித்தால், கேட்டவருக்குத் திருப்தி வராது. "அது சரி தம்பி, சொந்த ஊர்?" என்று மறுபடி ஆரம்பிப்பார். (அவர் தெரிந்துகொள்ள நினைப்பது ஊரை இல்லை, சாதியை. அது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.) கடைசியில் "பாவம், ஊரில்லாத பிள்ளை" என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்தப் பரிதாபம் முதலில் தப்பு. ராணுவக் குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்கு ஊர் இருக்கிறது. அவர்கள் கொசுவத்தி சுத்த ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம் என்பது அப்படி ஒருவரோடு ரயிலில் நான்கு மணி நேரம் போனவர்களுக்குத் தெரியும். ஸ்கூலுக்கு ஏற்றிப்போன சக்திமான் லாரி. பின்பக்கப் பலகையைப் பிடித்து ஏறும்போது கிழிந்த பாவாடை. வெள்ளை பெயின்ட்டில் அப்பா பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிகள், ஹோல்டால். வீட்டில் உட்கார்ந்து படித்த நாற்காலியின் முதுகில் எம்.இ.எஸ். நம்பர், ஏனென்றால் அந்த நாற்காலிகூடச் சொந்தம் கிடையாது. சாயங்காலம் பியூகிள் ஊதினால் விளையாட்டை நிறுத்திவிட்டு அட்டென்ஷனில் நிற்பது. பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கொடுத்த சர்சோன் கீரை, எதிர்வீட்டு மலையாளி ஓணத்துக்குப் போட்ட பூக்கோலம், ஒரே கட்டடத்துக்குள் கோயில், மசூதி, குருத்வாரா, சர்ச் எல்லாமாக இருக்கிற சர்வ தர்ம ஸ்தல். பூட்டப்படாத சைக்கிள்கள்.

இதெல்லாம் பொய் இல்லை. தமிழ்நாட்டிலேயே இப்படி எத்தனையோ இடங்கள் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரும், 1947-ல் குவெட்டாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஸ்டாஃப் காலேஜும் இருக்கின்றன. பரங்கிமலையில் 1963-லிருந்து ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமி. ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்க் வெளியே வந்த தொழிற்சாலையைச் சுற்றி ஒரு பெரிய எஸ்டேட். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் விமானப்படை நிலையங்கள். காஞ்சிபுரத்தில் ரயில் ஏறினால் எட்டிவிடுகிற அரக்கோணத்தில், 1992 மார்ச் 11 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி. அந்த வருஷம் கோவாவிலிருந்து டுபோலேவ் விமானப் பிரிவு அரக்கோணத்துக்கு வந்தபோது விமானங்கள் மட்டுமா வந்தன? குடும்பங்களும் வந்தன. 2017 மார்ச்சில் அந்த டுபோலேவ்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவற்றின் இரைச்சலில் தூங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவும் ஊரில் ஒரு பெரியவர் செத்த மாதிரிதான் இருந்திருக்கும்.

இப்படி வளர்ந்தவர்கள் நடுத்தர வயதில் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து ஒன்றுகூடுவதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? தாராளமாகக் கூடட்டும். மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்கள். இவர்கள் போக முடியாது. போனால் கேட்டில் சென்ட்ரி நிற்பார், பாஸ் கேட்பார். பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்க்க அடையாள அட்டை வேண்டும், அதுவும் காலாவதியான அட்டை செல்லாது. அதனால் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டைப் பிடித்து, ஒரே மாதிரி டீஷர்ட் போட்டுக்கொண்டு, பழைய ஸ்கூல் பாட்டைப் பாடி அழுகிறார்கள். இதைக் கிண்டல் செய்கிறவர் மனுஷரே இல்லை.

பிரச்சினை, அங்கே மைக்கைப் பிடித்ததும் வருகிற ஒரு வசனத்தில் இருக்கிறது. "எங்க பேஸ்ல ஏற்றத்தாழ்வே கிடையாது, எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்."

இருந்தீர்களா?

கண்டோன்மென்ட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் எட்டு வயதுக்குள் ஒரு பாடத்தை மனப்பாடம் செய்துவிடும். ஆபீஸர்ஸ் குவார்ட்டர்ஸ் தனி, ஜே.சி.ஓ. குவார்ட்டர்ஸ் தனி, ஜவான் குவார்ட்டர்ஸ் தனி. மெஸ்ஸும் அப்படியே. ஆபீஸர் பங்களாவுக்குப் பின்னால் சர்வென்ட் குவார்ட்டர்ஸ் என்று ஒற்றை அறை, அதில் வாடகைக்குப் பதிலாக வீட்டு வேலை செய்கிற ஒரு முழுக் குடும்பம். கேன்டீனில் ரம் பாட்டில் எத்தனை என்பதுகூட ரேங்க்கைப் பொறுத்தது. அம்மாக்களுக்கு என்று இருக்கிற நலச் சங்கத்தில் தலைவி யார் என்றால், தலைமைத் தளபதியின் மனைவி. கணவரின் தோளில் இருக்கிற நட்சத்திரம் மனைவியின் நாற்காலி வரைக்கும் வருகிறது. 'சஹாயக்' என்ற பெயரில் ஒரு ஜவான் தரைப்படை அதிகாரியின் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதும், சில வீடுகளில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பதும் காய்கறி வாங்கி வருவதும் நாடறிந்த விஷயம். 2008-ல் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே இதை எடுத்துவிடச் சொல்லிக் கண்டித்தது. அந்த ஜவானுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் அல்லவா? அவர்களும் அதே பேஸின் பிள்ளைகள்தானே?

ராணுவத்துக்கு ரேங்க் தேவை, அது இல்லாமல் படை நடக்காது என்பது சரி. சண்டையில் உத்தரவு கொடுக்க ஒருவர் வேண்டும். ஆனால் மூன்றாம் கிளாஸ் பிறந்தநாள் பார்ட்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கும் அது எதற்கு?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து நாற்பதை ஒட்டிய வயதில் வெளியே வந்துவிடுகிறார். கர்னலுக்கு 54 வயது வரை சர்வீஸ். சிப்பாய் ரிடையர் ஆகும்போது அவர் பிள்ளை பெரும்பாலும் ஐந்தாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருக்கும். கர்னலின் பிள்ளை காலேஜே முடித்திருக்கும். அதோடு எல்லா ஜவானுக்கும் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைப்பதும் இல்லை. 2002-ல் திருமணமானவர்களுக்கான குடியிருப்புத் திட்டம் என்று ஆரம்பித்தபோது கிட்டத்தட்ட 2 லட்சம் வீடுகள் கட்ட வேண்டியிருந்தது என்றால் அதுவரைக்கும் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் சேர்ந்ததால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் ஜவானின் பிள்ளைக்கு 'மிலிட்டரிக் குழந்தைப் பருவம்' என்பது வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வந்து போகிற அப்பாவும், அவர் கொண்டுவந்த கேன்டீன் சோப்பும்தான்.

ஆபீஸர் பிள்ளைகளும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறியவர்கள்தான், அந்த வலி நிஜம். ஆனால் அவர்கள் ஒரு கண்டோன்மென்ட்டிலிருந்து இன்னொரு கண்டோன்மென்ட்டுக்குப் போனார்கள். அம்பாலாவில் பிரிந்த தோழி வெலிங்டனில் மறுபடி கிடைப்பாள். ஜவானின் பிள்ளை கேட்டைத் தாண்டிய அன்றைக்கே அந்த உலகத்திலிருந்து மொத்தமாக அறுந்துபோனது. அதன் பிறகு அதைத் தேடி யார் போனார்கள்?

ஓரிக்கையில் ஒரு வீடு. அங்கே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுகிற அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். அப்பா நாயக்காக இருந்து ரிடையர் ஆனவர். வடக்கே ஒரு கண்டோன்மென்ட்டில் மூன்று வருஷம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, நான்காவது முதல் ஆறாவது வரை அங்கே படித்தார். அந்த மூன்று வருஷத்தை அவர் இன்றைக்கும் நாள் நாளாகச் சொல்வார். இந்தி நன்றாகப் பேசுவார். ஜரிகை விற்க வருகிற சூரத் சேட்டிடம் பேச அக்கம்பக்கத்தார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா ரிடையர் ஆகிக் காஞ்சிபுரம் வந்தபோது அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது, அதனால் பன்னிரண்டு வயதில் மறுபடி நாலாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். இரண்டு வருஷத்தில் படிப்பு நின்றுபோனது.

மகள் வாங்கிக்கொடுத்த போனில் ஒருநாள் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தின் குரூப் கண்ணில் படுகிறது. கொய்யா மரம், கொடிக்கம்பம், கிளாஸ் போட்டோ. மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடையோடு அவரே நிற்கிறார். மகளை விட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறார்: சிக்ஸ்த் பி, பெயர் இது, கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட பெண். அந்தப் பக்கமிருந்து வந்த பதில் மரியாதையாகத்தான் வந்தது. எந்த வருஷ பேட்ச்? ட்வெல்த் எப்போது முடித்தீர்கள்? அப்பா என்ன ரேங்க்?

எதிர்வீட்டுக்காரர் "சொந்த ஊர் எது" என்று கேட்ட அதே குரல். அவர் ஊரைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொண்டார், இவர்கள் பேட்சைக் கேட்டு ரேங்க்கைத் தெரிந்துகொள்கிறார்கள். 'ஊரில்லாத பிள்ளை' என்ற பட்டத்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர்களுக்கே அதை இன்னொருவர் தலையில் வைக்க எப்படி மனசு வருகிறது?

இது இந்தியாவில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் இப்படி வளர்ந்தவர்களுக்கு 'மிலிட்டரி பிராட்' என்று பெயர். கர்னலின் மகளான மேரி எட்வர்ட்ஸ் வெர்ட்ஷ் 1991-லேயே இவர்களைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் போட்டார். அதிகாரி பிள்ளைகளுக்கும் சாதாரணச் சிப்பாய் பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்த சுவரை அதில் அவர் மூடி மறைக்கவில்லை. அதைவிடப் பெரிய சுவர் பிலிப்பைன்ஸில் இருந்தது. அங்கே கிளார்க் விமானத் தளம், ஒரு பெரிய அமெரிக்க ஊர். 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்துச் சாம்பலில் மூடியது, அந்த வருஷக் கடைசியில் அமெரிக்கர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்த வாக்னர் ஹைஸ்கூலில் படித்த அமெரிக்கப் பிள்ளைகள் இன்றைக்கும் அதை நினைத்து உருகுகிறார்கள். அதே தளத்தின் வேலிக்கு வெளியே, ஏஞ்சலஸ் நகரத்தில், அதே சிப்பாய்களுக்குப் பிலிப்பினோ பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஆசியாவில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அமெரிக்கா போவதற்காக 1982-ல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. வியட்நாம், கொரியா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா எல்லாம் அதில் உண்டு, பிலிப்பைன்ஸ் இல்லை. ஒரே தளம், அப்பாக்களும் ஒரே படை. வேலிக்கு உள்ளே இருந்ததற்குப் பெயர் பொற்காலம், வெளியே இருந்ததற்குப் பெயரே கிடையாது.

"சும்மா நாலு ஃபிரெண்ட்ஸ் சேர்ந்து பார்த்துக்கறதுல இவ்வளவு அரசியலா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாலு ஃபிரெண்ட்ஸ் சந்தித்தால் அது அவர்கள் பாடு. பேனரில் 'ஃபிரெண்ட்ஸ்' என்று போட்டுக்கொண்டால் யாரும் வாய் திறக்கப்போவதில்லை. 'ஸ்டேஷன் ஃபேமிலி' என்று போட்டுவிட்டு, அந்த ஸ்டேஷனில் முடி வெட்டியவர், துணி வெளுத்தவர், டாங்க்குக்கு கிரீஸ் போட்டவர், காவலுக்கு நின்றவர் ஆகியோரின் பிள்ளைகளை விட்டுவிட்டால்தான் கணக்கு இடிக்கிறது.

இன்னொரு பதில் வரும், இது கொஞ்சம் கனமானது. "வெளியே மட்டும் என்ன வாழ்ந்தது? எங்க பேஸ்ல சாதி கிடையாது. உங்க காஞ்சிபுரத்துல தெருவுக்குத் தெரு சாதி." உண்மை, மறுக்க முடியாது. காஞ்சிபுரத்துக்காரர்களும் இந்த ஜல்லியை நன்றாக அடிப்பவர்கள்தான். வைகாசி கருட சேவைக்கு வெளியூர்களிலிருந்து வந்து இறங்குகிறவர்கள், தறிச் சத்தம் தாலாட்டாக இருந்தது என்று உருகுவார்கள். அந்தத் தறிக் குழியில் முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட எட்டு வயதுப் பையன்கள் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல மாட்டார்கள். 1990-களில் காஞ்சிபுரம் பட்டு என்றால் கூடவே குழந்தைத் தொழிலாளர் என்ற பேச்சும் வரும். அந்தப் பையன்களுக்கு இன்றைக்கு நாற்பது வயது, எந்தத் தெருவின் பொற்காலக் கதையிலும் அவர்கள் இல்லை. பேஸ்காரர்கள் தெருக்காரர்களைக் காட்டித் தப்பிப்பதும், தெருக்காரர்கள் பேஸ்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதும் ஒரே ரகம்.

சாதி பார்க்காமல் பக்கத்து வீட்டில் சாப்பிட்ட பழக்கம் பெரிய விஷயம், அதை அந்தப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்லட்டும். மாறுதலாகிற அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963-ல் ஆரம்பித்த கேந்திரிய வித்யாலயாக்களில் விங் கமாண்டர் மகனும் கார்ப்பரல் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது நிஜம்தான். காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் அது நிஜம். லாரியிலிருந்து இறங்கி அவரவர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை இப்போதே பேசவேண்டிய அவசரம் ஒன்று உண்டு. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. பதினேழரை வயதில் சேர்க்கிறார்கள், நான்கு வருஷத்தில் நான்கில் மூன்று பேர் வெளியே. இருபத்தோரு, இருபத்தைந்து வயதில் வெளியே வருகிறவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது, அப்புறம் ஏது குடும்பக் குவார்ட்டர்ஸ், ஏது ஸ்கூல் லாரியில் ஏறுகிற பிள்ளை? அந்தத் திட்டம் ராணுவத்துக்கு நல்லதா கெட்டதா என்பதைப் பெரியவர்கள் சண்டை போட்டு முடிவு செய்யட்டும். ஆனால் இதே நிலை நீடித்தால் இன்னும் இருபது வருஷத்தில் கண்டோன்மென்ட்டில் விளையாடுகிற பிள்ளைகளில் சிப்பாயின் பிள்ளை குறைந்துகொண்டே போகும். அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு ரிசார்ட்டில் டீஷர்ட் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள்தான். அவர்களும் சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கம் காலியாகவே போய்விடும்.

இத்தனைக்கும் இதற்கான வழி ராணுவத்திலேயே இருக்கிறது. படா கானா என்று ஒன்று உண்டு. ரெஜிமென்ட் நாளுக்கோ பண்டிகைக்கோ அதிகாரியும் ஜவானும் ஒரே இடத்தில், ஒரே சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம். அது ஒருநாள் கூத்து என்று சொல்கிறவர்கள் உண்டு. சரி, ஒருநாள் கூத்துதான், ரீயூனியனும் ஒருநாள் கூத்துதானே. ரேங்க்கை வைத்தே உயிர் வாழ்கிற படை வருஷத்துக்கு ஒரு பொழுதாவது அதைக் கழற்றி வைக்கிறது. ரேங்க்கே இல்லாத பிள்ளைகள், அப்பா ரிடையர் ஆகிப் பல வருஷம் கழித்தும் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறார்கள்.

செய்யவேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. 'எந்த பேட்ச்' என்ற கேள்வியை எடுத்துவிட்டு 'எந்த வருஷம் இருந்தீர்கள்' என்று கேட்கலாம். ஒரே ஒரு வருஷம் இருந்திருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய கிளாஸ் போட்டோவில் பெயர் தெரியாத முகங்களைச் சுற்றி வட்டம் போட்டு, அவர்களைத் தேடுகிற வேலையை யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ரிசார்ட்டுக்குப் பதிலாக ஒரு கல்யாண மண்டபம் பிடித்தால் ஒரு நெசவாளி வீட்டிலிருந்தும் வர முடியும். ஸ்டேஷன் நிர்வாகமும் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களைச் சரிபார்த்து, குடியிருப்புப் பகுதி வரைக்கும் மட்டும் உள்ளே விடலாம். ரன்வேயையா சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள்? அந்தக் கொய்யா மரம் இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

ஓரிக்கை அம்மா அந்த மூன்று கேள்விகளுக்கும் இதுவரை பதில் எழுதவில்லை. மகள் கேட்டால், "பாவு ஏத்தியாச்சு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். கிளாஸ் போட்டோவை மட்டும் போனில் இறக்கி வைத்திருக்கிறார்.